உணவிருந்தும் மெலியும் முதியோர்

பழைய மாணவர் ஒன்றுகூடும்போது, தமக்குக் கற்பித்த ஆசிரியர்களைப் பற்றியே முதலில் விசாரிப்பர். "அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், மூன்று வேளையும் உணவு உண்டு, குறையொன்றும் இல்லை" என்னும் விடை இக்காலத்திற் பன்முறை எம் செவியில் விழுகின்றது. அவ்விடை போதியதா என்பதையே ஈண்டு ஆராய்வோம்.

உடலுக்கு வேண்டிய சத்துக்கள் வேண்டிய அளவிற் கிடையாமையை மந்தபோசணை என்பர். வறுமையுள்ள இடத்திலேதான் அது தோன்றும் என எண்ணுதல் தவறு. செல்வம் மிக்க மேலை நாடுகளின் பராமரிப்பு நிலையங்களிலும் முதியோரிற் பலர் இதற்கு ஆளாகின்றனர். கலத்தில் இட்ட உணவு வேறு. உடலிற் சேர்ந்த உணவு வேறு.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. முதுமையிற் சுவையும் மணமும் குன்றும்; பசியும் தாகமும் மந்தமாகும். பல்லிழந்தோர்க்கு மெல்லுதல் அரிது. பாரிசவாதம் கண்டோரிற் பலர்க்கு விழுங்குதல் இடர். மறதிநோய் உற்றோர் உணவை முன்வைத்துக்கொண்டே உண்ண மறப்பர். சில மருந்துகள் வாயை உலரச்செய்யும். சில பசியை அடக்கும். மெலிந்தவர்க்கு விதிக்கும் கடும்பத்தியமும் கேடாய் முடிதல் உண்டு. இவற்றோடு தனிமையும் மனச்சோர்வும் சேர்கின்றன. பணியாளர் ஒருவரே பலர்க்கு ஊட்டவேண்டிய இடத்திற் பாதி உண்ட கலங்களே அடுக்களைக்கு மீளும்.

இதனால் தசை கரையும். கால் தளர்ந்து விழ நேரும். படுக்கைப்புண் எளிதில் ஆறாது. நோயை எதிர்க்கும் ஆற்றல் குறையும். இவற்றை முதுமையின் இயல்பென்று கொண்டு வாளாவிருத்தலே பெருந்தவறு.

இந்நிலையை அறிதற்கு ஒரு தராசு போதும். மாதந்தோறும் நிறையைக் குறித்து வருதல் வேண்டும். ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்கோ, ஆறு மாதத்தில் 10 பங்கோ தானாகவே குறையின், வைத்தியரை நாடவேண்டும். 50 கிலோ நிறையுள்ளவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இழத்தல் அபாயக்குறி. நிற்கவியலாதோர்க்குக் கெண்டைக்காலை நாடாவால் அளக்கலாம்; சுற்றளவு 31 சென்ரிமீற்றருக்குக் குறையின் ஐயுறவேண்டும்.

முதியோர்க்கு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கலோரியும், 1 கிராமுக்குக் குறையாத புரதமும் வேண்டும் என்பர். சிறுநீரக நோயுற்றோர்க்கு வைத்தியரே அளவை வகுப்பார். வெறுங்கஞ்சி இத்தேவையை நிறைவேற்றாது. அதிற் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்க்கலாம். இடையிடையே பால், தயிர், வாழைப்பழம் முதலியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். விழுங்க இடர்ப்படுவோரை நிமிர்ந்திருக்கச் செய்து, வைத்தியர் கூறிய பதத்திலேயே ஊட்டுதல் வேண்டும்.

எமது நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேற்பட்டோர் அறுபது வயதை எய்தியவர். பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமையென 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர் அக்கடமையைப் பணமனுப்பி ஆற்றுகின்றனர்; அது போற்றத்தக்கதே. ஆயின் பணம் அரிசியை வாங்கும், உடனிருப்போரை வாங்காது.

அண்மையில் ஓரில்லத்தில் எம் ஆசிரியர் ஒருவரைக் கண்டோம். அவர்முன் இருந்த இடியப்பம் தொடப்படாமலே ஆறிக்கிடந்தது. அருகமர்ந்து, அவர் எமக்கு இலக்கணம் கற்பித்த நாட்களைப் பேசினோம். பேச்சினிடையே கலம் வெறுமையாயிற்று. அவர்க்கு இல்லாதிருந்தது உணவன்று.

ஆதலின் அன்பர்களே, முதியோரைப் பற்றி வினவும்போது "உணவு உண்டா?" என்பதோடு அமையாதீர்கள். இம்மாத நிறை என்ன, கலத்தில் மிஞ்சியது எவ்வளவு, உண்ணும்போது உடனிருந்தவர் யார் என்னும் மூன்றையும் கேளுங்கள். மாணவர்களே, வாரத்தில் ஒரு வேளை அவர்களோடு உடனிருங்கள். எமக்கு அறிவூட்டியோர்க்கு யாம் செய்யத்தக்க கைம்மாறு இதுவாகும்.