ஒற்றைத் தலைவலி நடிப்பல்ல!



"காலையில பெரட்டுல நல்லாத்தானே நின்னா! ஒன்பது மணிக்கு மண்டை பிளக்குதுன்னு வந்துட்டா. காய்ச்சல் இல்ல, அடிபடல. எல்லாம் நடிப்பு!" மண்டோர் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: வேலைக்கு வந்த புதிதில் நானும் ஓர் அம்மாவுக்கு இரண்டு பனடோல் கொடுத்து, "ஒண்ணுமில்ல, வேலைக்குப் போங்க" என்று அனுப்பியவன்தான். மரத்தடியில் வாந்தியெடுத்துக் கிடந்தவரை மற்றவர்கள் தூக்கி வந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டாலே வலிக்கிறதல்லவா? இதற்கு அழற்சி என்று பெயர். ஒற்றைத் தலைவலியிலும் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. ஆனால் முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை. நரம்பே அதைத் தூண்டிவிடுகிறது.

மூளைக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்குத் தெரியும். முகத்துக்கு உணர்ச்சி தரும் பெரிய நரம்பின் கிளைகள் அந்தச் சவ்வின் இரத்தக் குழாய்களைச் சுற்றி இருக்கின்றன. அந்த நரம்பு கிளறப்பட்டால் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளை வெளிவிடுகிறது. குழாய்கள் விரிகின்றன, நரம்பு முனைகள் புண்பட்டதுபோல் ஆகிவிடுகின்றன. அதனால்தான் 'விண் விண்' என்று தெறிக்கிறது. குனிந்தால் கூடுகிறது. சிலருக்குத் தலை சீவினாலே வலிக்கிறது. வலி வந்த நேரத்தில் நோயாளிகளின் கழுத்து நாளத்து இரத்தத்தில் இப்பொருள் கூடியிருப்பதை 1990-ல் கண்டறிந்தார்கள். இதைத் தடுக்கும் ஊசி மருந்து 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அழற்சி மட்டுமே காரணமல்ல. பரம்பரையும் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 3 மடங்கு அதிகம். பசியாறாமல் வேலைக்குப் போவது, தூக்கக் குறைவு, கண் கூசும் வெயில், மாதவிலக்கு ஆகியவை பலருக்கு வலியைக் கிளப்பிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. வலி தொடங்கியதுமே மாத்திரை போடுங்கள். தள்ளிப்போட்டால் மாத்திரை சரியாகக் கேட்காது. ஐபுபுரோஃபென் அழற்சியைத் தணிக்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாகச் சாப்பிடக் கூடாது. கூடவே காய்ச்சல் இருந்தால் டிங்கியாக இருக்கலாம், அப்போதும் கூடாது.

2. கடையில் வாங்கித் தினமும் போடாதீர்கள். மாதத்தில் 10, 15 நாள் என்று போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

3. வெள்ளனக் கிளம்பினாலும் கொஞ்சமாவது பசியாறுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள்.

4. வலி வந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டரிடம் பேச அதுவே சாட்சி.

இடி விழுந்ததுபோல் திடீரென்று வந்த வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் சோர்ந்துபோதல், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி: இவற்றுக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பக்கத்தில் வேலை செய்பவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கேலி செய்யாதீர்கள். இருட்டான, சத்தமில்லாத இடத்தில் படுக்க வையுங்கள். வெளியே தெரியாத வலியும் வலிதான், தோழர்களே!