செம்மரக் கூலிகளுக்காக யார் கேட்பார்கள்? உரிமை அமைப்பில் நீங்கள் சேர்வது எப்படி?

திருமலைக்குப் போகும்போது சுற்றிலும் தெரியும் காடுதான் சேஷாசலம். 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை அங்கே 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து போன கூலிகள். திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில்தான் தனி மாவட்டமானது.

அன்று யார் கேட்டார்கள்?

கல்லும் அரிவாளும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். ஆனால், கூட வந்தவர்களை முந்தைய நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். மதுரையைச் சேர்ந்த மக்கள் கண்காணிப்பகம் ஒரு வாரத்துக்குள் அவர்களை டெல்லியில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நிறுத்தியது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொன்ன ஆணையம், மே மாதத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் சிபிஐ விசாரணையும் வேண்டும் என்றது. ஆந்திர அரசு அதை எதிர்த்து நீதிமன்றம் போனது.

இன்னொரு பக்கம், ஆந்திர சிவில் உரிமைகள் குழு ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. செத்தது தமிழ்க் கூலிகள், கேட்டது தெலுங்குக்காரர்கள். அமைப்பு என்று ஒன்று இருந்தால்தான் இது நடக்கும்.

"மரம் வெட்டினது தப்புதானே?"

தப்புதான். அதற்குத் தண்டனை கொடுப்பது கோர்ட் வேலை. 2013 டிசம்பரில் இதே காட்டில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழர்கள் கைதானார்கள். பலர் இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தார்கள். 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் 287 பேரை விடுதலை செய்தது. போன அந்த வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்?

சரி, எதில் சேரலாம்?

வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. உதாரணத்துக்கு, 1976இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய பி.யு.சி.எல், அதாவது மக்கள் சிவில் உரிமைக் கழகம். சந்தா கட்டி மாநிலக் கிளை வழியாக உறுப்பினர் ஆகலாம். உள்நாட்டு, வெளிநாட்டு நிதி நிறுவனங்களிடம் இது பணம் வாங்குவதில்லை. உறுப்பினர்கள் காசில்தான் ஓடுகிறது. கட்சிக்காரர்களும் சேரலாம். ஆனால், தங்கள் கட்சி ஆட்சியில் இருக்கும்போதும் உரிமைக்காகக் குரல் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

எந்த அமைப்பாக இருந்தாலும், சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பணம் எங்கிருந்து வருகிறது? முடிவெடுப்பது யார்? பாதிக்கப்பட்டவரின் பெயரையும் போட்டோவையும் வெளியிடும் முன் அனுமதி கேட்கிறார்களா?

உங்களால் என்ன செய்ய முடியும்?

உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா? ஆந்திராவில் கைதான தமிழருக்குத் தன் எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருக்கிறது என்றே புரியாது. அதைப் படித்துச் சொல்லும் ஒருவர் பெரிய பலம். எழுத வருமா? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்: மத்திய அரசு அலுவலகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். போன் பண்ண நேரம் இருக்கிறதா? போலீஸ் காவலிலோ சிறையிலோ இருக்கும் யாருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச வக்கீல் கிடைக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. உதவி எண் 15100. இது அந்த மலைக் கிராமங்களில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. அந்த 24 மணி நேரத்தில் யாராவது ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போட்டு "எங்கள் ஆள் எங்கே?" என்று கேட்க வேண்டும். சந்தா கட்டுவதைவிட முக்கியமான உறுப்பினர் வேலை அதுதான்.