மேளம் ஓய்ந்த பங்குனி

மலாக்கா பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயம் நோக்கி மாசி மக இரதம் புறப்படுகையில், முன்னே ஒலிப்பது நாதஸ்வரமும் தவிலும் ஆகும். 2020ஆம் ஆண்டு மாசி மகம் இனிதே நிறைவேறிய சில நாட்களில், மார்ச் 18ஆம் தேதி, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஆலயக் கதவுகள் அடைபட்டன. அவ்வாண்டு பங்குனி உத்திரத்திற்குக் காவடியும் இல்லை, மேளமும் இல்லை.

திருவிழாவையும் முகூர்த்தத்தையும் நம்பி வாழும் மேளக் கலைஞர்களுக்கும், மாலை கட்டுவோருக்கும் சம்பளச் சீட்டு ஏது? முதலாளிகள் வழியே வழங்கப்பட்ட சம்பள உதவித்தொகை இவர்களை எட்டவில்லை. ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 ரிங்கிட் வரை எடுக்க அனுமதி கிடைத்தது. ஆனால், தோட்ட நிர்வாகம் பிடித்துக் கட்டிவந்த சேமநிதி, தோட்டத்தை விட்டுத் தவிலை ஏந்திய அன்றே நின்றுபோகும். எடுப்பதற்கு என்ன இருக்கும்?

கைகொடுத்தது ‘பந்துவான் பிரிஹாத்தின் நேஷனல்’ உதவிதான். மாத வருமானம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத குடும்பங்களுக்கு 1,600 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே பதிவில் இல்லாதவர்கள் ஏப்ரல் மாதத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு அது எத்தனை வாரம் தாங்கும் என்பது வேறு கணக்கு.

இன்று சுயதொழில் புரிவோர் சேமநிதியின் ‘ஐ-சாரான்’ திட்டத்தில் இயன்றதைச் செலுத்தலாம். அரசாங்கமும் வரம்புக்குட்பட்டு ஒரு பங்கு சேர்க்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் விபத்துப் பாதுகாப்பும் பெறலாம். இவற்றில் பதிந்துகொள்ள முதலாளி தேவையில்லை.