ஓடையோரத்து நீலப் பூ

நீலகிரி, பழனி மலைகளில் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள், ஓடைக் கரையில் தரையோடு படர்ந்த ஒரு செடியில் நல்ல நீலநிறப் பூவைக் கண்டிருக்கலாம். இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் பரோகீட்டஸ் கம்யூனிஸ். முதற்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ‘ஓடை அருகே’ என்று பொருள். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மலைகளே இதற்கு ஏற்றவை. இமயமலையிலும் இலங்கை மலைகளிலும் உண்டு. நமது சமவெளியில் காண இயலாது.

பூக்காத காலத்தில் இதைப் புளியாரை என்று எண்ணிவிடுவார்கள். இரண்டிற்கும் மூன்று சிற்றிலைகளே. பூவைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். புளியாரைப் பூவில் ஐந்து இதழ்களும் ஒன்றுபோல் இருக்கும். இதிலோ அவரைப் பூவைப் போல, மேலே அகன்ற கொடியிதழ் ஒன்று, பக்கங்களில் சிறகிதழ்கள் இரண்டு, கீழே படகுபோல் இணைந்த இதழ்கள் இரண்டு. பிறகு சிறு காய் பிடிக்கும்.

தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கரைமண்ணைப் பற்றிக்கொள்ளும். ஓடை விளிம்புவரை கொத்தினாலும், களைக்கொல்லி தெளித்தாலும் செடி அழியும். அடுத்த மழையில் கரையும் அரிக்கும். எனவே ஓடையை ஒட்டிச் சில அடி நிலத்தைக் கொத்தாமல், மருந்து தெளிக்காமல் விட்டுவையுங்கள். பூவும் பிழைக்கும், உங்கள் மண்ணும் நிற்கும்.