நூலகத்தில் செல்வனைக் காணோம்!

உங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் இணையதளத்தில் 'பொன்னியின் செல்வன்' என்று ஆங்கில எழுத்தில் தேடிப் பாருங்கள். செல்வனுக்கு நாம எல்லாருமே 'எஸ்'தான் போடுவோம். பல இடங்களில் ஒன்றும் கிடைக்காது. அந்த 'எஸ்'ஸை எடுத்துவிட்டு 'சி' போட்டுப் பாருங்கள். புத்தகம் வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம்.

இது யாரோ செய்த பிழை இல்லை. அமெரிக்காவிலும் வேறு பல ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் நூலகங்கள் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத ஒரு பொது அட்டவணை வைத்திருக்கின்றன. அதன்படி 'ச' எப்போதும் 'சி'. 'ள', 'ழ' இரண்டுமே 'எல்'. ஒன்றுக்குக் கீழே புள்ளி, இன்னொன்றுக்குக் கீழே கோடு. ரோமன் எழுத்தைப் பார்த்தே மூலத் தமிழ் எழுத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பதுதான் இதன் நன்மை. ஆனால் அது உச்சரிப்பைப் பின்பற்றுவதில்லை. அதனால் சுஜாதாவும் அங்கே 'சி'யில்தான் இருப்பார்.

தமிழ் எழுத்திலேயே தேட வழி இல்லையா என்றால், இருக்கிறது. நூலகப் பதிவுகள் 'மார்க்' என்ற அமைப்பில் எழுதப்படுகின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ராம் தலைமையில் 1960களில் உருவான இந்த அமைப்பில் தலைப்புக்கு 245 என்ற புலம். அதே தலைப்பைத் தமிழ் எழுத்தில் தர 880 என்று தனிப் புலம் உண்டு. பழைய பதிவுகள் பலவற்றில் அது காலியாக இருக்கும். அதை நிரப்புகிறவருக்குத் தமிழ் வாசிக்கவும் தெரிய வேண்டும், நூற்பட்டியலாக்கமும், அதாவது கேட்டலாகிங்கும், தெரிய வேண்டும். வெளிநாட்டு நூலகங்களில் இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு.

இந்த வேலையைக் கற்க ஒரு காலத்தில் நூலகப் பள்ளிக்கு நேரில்தான் போகணும். மெல்வில் டூயி கொலம்பியாவில் அப்படி ஒரு பள்ளியை 1887இல் தொடங்கினார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே பயிற்சி வகுப்புகளும் வந்தன. இன்று நிலைமை வேறு. இல்லினாய் பல்கலைக்கழகம் 1996லேயே நூலக முதுகலைப் படிப்பை இணையத்துக்குக் கொண்டுவந்தது. சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இப்போது முழுக்க இணையவழிதான். இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நூலக அறிவியலைத் தொலைதூரக் கல்வியாகத் தருகிறது. பசங்க தூங்கின பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே படிக்கலாம்.

ஆனால் கேட்டலாகிங் வெறும் விதிகளின் தொகுப்பு இல்லை. ஒரு தமிழ் நூலின் தலைப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் 'சுஜாதா' என்று இருக்கும். அவர் எஸ். ரங்கராஜன், அவர் நூல்கள் எல்லாம் ஒரே பெயரின் கீழ் சேர வேண்டும். வேறொரு நூலில் ஆண்டு 'தி.ஆ. 2031' என்று மட்டும் இருக்கும். 31ஐக் கழித்தால் 2000 என்பது நமக்குத் தெரியும், டொராண்டோவில் இருக்கும் தமிழ் தெரியாத நூலகருக்கு? இன்னொன்றில் 'மூன்றாம் பதிப்பு' என்று போட்டிருப்பார்கள். உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது, வெறும் மறு அச்சு. பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து அப்பா பெயரா, ஊர்ப் பெயரா? இதையெல்லாம் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யணும். அந்த முடிவு சரியா என்று இன்னொருவர் சொல்லணும்.

தொலைவிலிருந்து கற்பிப்பதில் சிரமமான இடம் இதுதான். நல்ல படிப்புகளில் ஒரே நூலின் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து எல்லாருக்கும் தருவார்கள். ஆளுக்கொரு பதிவு எழுதுவார்கள். பிறகு எல்லாப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதை ஏன் இப்படிப் போட்டீங்க?" என்று ஆசிரியர் கேட்பார். மென்பொருள் வேலையில் நாங்கள் செய்யும் கோட் ரிவ்யூ மாதிரியேதான். நூலகங்கள் ஒன்றின் பதிவை இன்னொன்று நகல் எடுத்துக்கொள்வதால் ஒருவருடைய தவறு பல ஊர்களுக்குப் பரவும். அதனால் இந்தத் திருத்தம் அவசியம்.

சுமாரான படிப்புகளில் பி.டி.எஃப். தருவார்கள், கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. ஒரு பதிவுகூட எழுதாமல் சான்றிதழ் வாங்கிவிடலாம்.

பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நான் எத்தனை பதிவுகள் எழுதுவேன்? அவற்றை யார் திருத்துவார்? ஆர்.டி.ஏ. விதிகள், வெப்டூயி போன்ற கட்டணக் கருவிகளுக்கு அனுமதி உண்டா? ரோமன் அல்லாத எழுத்துகளில் பயிற்சி உண்டா? வேலைக்காகப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நூலகர் பணிக்குப் பெரும்பாலும் அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த முதுகலைப் பட்டம் கேட்பார்கள். சிறிய படிப்புகள் உதவியாளர் பணிக்கும் தன்னார்வ வேலைக்கும் உதவும்.

செலவில்லாமலும் தொடங்கலாம். காங்கிரஸ் நூலகம் தன் பயிற்சிப் பாடங்களையும் 'மார்க்' அறிமுக நூலையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நியூசிலாந்தில் பிறந்த 'கோஹா' என்ற நூலக மென்பொருளும் இலவசம். தமிழ் எழுத்தையும் ஏற்கும். பழகிப் பார்க்க உங்கள் தமிழ்ப் பள்ளியின் புத்தக அலமாரி போதும். ஒரு வசதிக்குறைவையும் அங்கேயே பார்ப்பீர்கள்: டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811க்குள் அடங்கிவிடும். சிறுவர் கதை, நாவல், கவிதை என்று பிரிக்க அதற்கு மேலும் எண்களைச் சேர்க்கணும்.

இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு என்று தோன்றலாம். தேடிக் கிடைக்காத புத்தகத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் எடுக்காத புத்தகத்தை நூலகம் அலமாரியிலிருந்து கழித்துவிடும். பிறகு, "தமிழ்ப் புத்தகம் கேட்டு யாரும் வருவதில்லையே" என்பார்கள். வீட்டிலும் இதே கதைதான். பெரியவர்கள் ஊரிலிருந்து சுமந்து வந்து சேர்த்த புத்தகங்கள், அவர்கள் காலத்துக்குப் பிறகு அட்டைப் பெட்டிக்குள் போகின்றன. முதுகில் இருக்கும் பெயரைப் பேரப்பிள்ளைகளால் வாசிக்க முடிவதில்லை. நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்றால், வாசிக்கத் தெரியாத பெட்டியை வாங்க அவர்களும் தயங்குவார்கள்.

அதே பெட்டியோடு தலைப்பு தமிழிலும் ரோமனிலும், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள் என்று ஒரு ஒழுங்கான பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள். நூலகர் குறைந்தபட்சம் உட்கார்ந்து பேசுவார். பட்டியலை இப்போதே தொடங்கினால், எந்தப் புத்தகம் எங்கே வாங்கியது, யார் கொடுத்தது என்று சொல்ல அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருப்பார்கள்.