உங்களுக்குத் தெரியுமா? அறையைக் காதால் அளக்கும் ட்ரோன்

கடையில் கணீரென்று ஒலித்த ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்ததும் குழறினால், குறை பெரும்பாலும் அறையில்தான் இருக்கிறது. 5 மீட்டர் நீள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 34 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி நிலையலையாகத் தங்கிவிடும். சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அது அதிரும். நடுவில் இருப்பவருக்கு ஏறக்குறைய கேட்கவே கேட்காது. மைக்கை ஓரிடத்தில் மட்டும் வைத்து அளந்தால் இது பிடிபடாது.

அறையின் ஒலியைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895-ல் அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒவ்வொரு சொல்லின் முழக்கமும் 5 நொடிக்கு மேல் நீடித்தது. சபைன் இரவில் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்புவார். ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விடும். அந்த உழைப்பில் பிறந்த சூத்திரத்தை வைத்து வடிவமைத்த பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900-ல் திறக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

வீட்டு அறையை அளக்க சோனோஸ் நிறுவனம் 2015-ல் கொண்டுவந்த 'ட்ரூபிளே' வசதியில், ஐபோனை மேலும் கீழும் அசைத்தபடி அறையைச் சுற்றி நடந்தால் போதும். ஸ்பீக்கர் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

நடப்பவரின் கை எட்டாத உயரத்துக்கும் மைக்கைச் சுமந்து ட்ரோன் போகும். அது எழுப்பும் ஒலி இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டு சுமார் 12 மில்லிநொடியில் திரும்பி வரும். ஆனால் பல சுவர்களின் எதிரொலிகள் கலந்து வரும்போது எது எந்தச் சுவருடையது? இந்தச் சிக்கலைக் கணிதத்தால் அவிழ்த்தவர்கள் மிரெய் பூட்டின், கிரெகோர் கெம்பர் இருவரும். ஒரே தளத்தில் அமையாத நான்கு மைக்குகளும் ஒரு ஸ்பீக்கரும் ட்ரோனில் இருந்தால், அபூர்வமான சில நிலைகளைத் தவிர வேறெங்கு நின்றாலும், முதல் எதிரொலிகளை வைத்தே சுவர்களின் இடத்தைச் சரியாகக் கண்டுவிடலாம் என்று 2020-ல் வெளியான கட்டுரையில் நிரூபித்தார்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த முடிவு இதுதான்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் ஒலியால் சுவரைத் தேடும் ட்ரோனைச் செயலிலும் பார்த்தார்கள். வெறும் 27 கிராம் எடையுள்ள கிரேஸிஃப்ளை ட்ரோனில் சிறு பஸ்ஸரும் மைக்குகளும் பொருத்தி, காதுக்குக் கேட்கும் ஒலியாலேயே சுவரைக் கண்டறிந்தார்கள்.

பெரிய தடை ட்ரோனின் சொந்த இரைச்சல். அதைத் தவிர்க்க கேமராவையோ லேசரையோ நம்பலாம். அறையின் வடிவம் துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் சுவரின் மேற்பரப்பு ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்பதை அவை நேரடியாக அளப்பதில்லை. அதற்கு ஒலியே வேண்டும். ஆகவே பறந்து வடிவத்தை வரைந்துவிட்டு, ஆங்காங்கே இறங்கி, விசிறிகளை நிறுத்திவிட்டு மைக்கைத் திறப்பதே நல்ல வழி என்று தோன்றுகிறது.