மார்கழி சீசன்: பந்தலுக்குள் இருந்த கவலை, சாலைக்கு வந்த கவலை

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. மறு ஆண்டே மியூசிக் அகாடமி பிறந்தது. 1962-இல் சொந்த அரங்கம் அமையும்வரை அதற்கு வாடகை இடங்களும் பந்தல்களும்தான். மார்கழி இசை விழா நடத்திய அந்த நாள் சபா செயலாளரின் பெரிய கவலைகள் மழையும் நெருப்பும். இரண்டுமே கண் எதிரில் தெரிபவை. பாடகருக்குத் தொண்டை கட்டினால், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் இன்னொரு வித்வானை அழைத்து வர ஆள் போவார். தம்புராவுக்கு மின்சாரம் தேவையில்லை.

இன்று கீற்றுப் பந்தல் அரிது. 2004-இல் கும்பகோணம் பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றியதில் 94 குழந்தைகள் கருகிய பிறகு, கீற்றைக் கண்டாலே பயம். அரங்குகள் கான்கிரீட், உள்ளே தீயணைப்புக் கருவி, அவசர வழி, மின்தடைக்கு ஜெனரேட்டர். சுருதிப் பெட்டி மக்கர் செய்தால் செல்போனிலேயே சுருதி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அவசர வழியாக வெளியே வந்து பாருங்கள். பல சபாக்களில் அங்கேதான் கேன்டீன் கொட்டகை: வரிசையாக சிலிண்டர்கள், காய்ந்த தோசைக்கல், தரையில் ஓடும் ஒயர், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து வரும் கூட்டம். அதில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள்.

அதையும் தாண்டினால் சாலை. மதியம் தி.நகரில் வாசித்த மிருதங்கக்காரர் மாலையில் மயிலாப்பூர் மேடையில் இருக்க வேண்டும். நடுவில் மெட்ரோவுக்காகத் தோண்டிய தெருக்கள். ஒரு மழை பெய்தால் ஒரே நாளில் நாலு சபாக்களின் கச்சேரி தடுமாறும். சீசனுக்கு வெளியேயும் இதே கதைதான்: 2023 செப்டம்பரில் பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போக முடியாமலே வீடு திரும்பினார்கள். சிக்கல் மேடையில் இல்லை. வாசலிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இருந்தது.

இயற்கையும் நாள் பார்த்து வருவதில்லை. 2004-இல் சீசன் களைகட்டியிருந்தபோது டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. 2015-இல் சீசன் நெருங்கும் வேளையில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்தது.

அன்று ஒரு பந்தலை ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். இன்று ஒவ்வொரு சபாவும் தன் சுவருக்குள் கவனமாக இருக்கிறது. சபாக்களுக்கு இடையில் உள்ள ஊரைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. கொரோனா ஆண்டான 2020-இல் நகர சபாக்களின் கூட்டமைப்பு ஒன்றுசேர்ந்து இணையத்தில் சீசனை நடத்திக் காட்டியது. அதே ஒற்றுமையோடு பொதுவான மழைத் திட்டம், மாற்றுக் கலைஞர் பட்டியல், அரங்குகளுக்கு அருகே ஆம்புலன்ஸ், போலீஸோடு பேச ஒரே ஒரு பொறுப்பாளர் என்று ஏற்பாடு செய்யலாம். கச்சேரி அட்டவணை அச்சுக்குப் போகும்போதே இதுவும் தயாராக வேண்டும்.